கிழமை ஒப்பிக்கிறாள், நாளைக்கு என்ன கிழமை என்றால் முழிக்கிறாள்

2025 ஜூன் 8, ஞாயிறு. கேள்வி, கோட்டையூரிலிருந்து

பேத்திக்கு அஞ்சரை வயசு, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூச்சு விடாமல் சொல்வாள். சண்டே மண்டேயும் பாட்டாக வரும். ஆனால் "நாளைக்கு என்ன கெழம?" என்றால் முழிக்கிறாள். "புதனுக்கு முந்துன நாள் எது?" என்றால் ஞாயிற்றிலிருந்து திரும்பவும் ஆரம்பிக்கிறாள். ஜனவரி, பிப்ரவரியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். சித்திரை, வைகாசி தெரியாமல் வளரக்கூடாது என்பது என் எண்ணம். எதை முதலில் தொடங்குவது? காலண்டரைக் காட்டினால் சாமி படத்தைத்தான் பார்க்கிறாள்.

ஜூன் 9, திங்கள். பதில்

ஆச்சி, பேத்திக்குக் குறை ஒன்றும் இல்லை. பாட்டாக மனப்பாடம் ஆனதை நடுவில் பிடிக்க இந்த வயதில் வராது. "ப" எழுத்துக்கு முந்தின மெய் எது என்று கேளுங்கள், பெரியவர்களே க ங ச என்று மனதுக்குள் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் "ந" என்பார்கள். அவள் ஞாயிற்றுக்கு ஓடுவதும் அதே ஓட்டம்தான்.

இரண்டு வாரத்துக்கு ஏழு பெயரையும் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். நேற்று, இன்று, நாளை மூன்றும் முதலில் நிற்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு "நேத்து" என்றால் போன மாதமும் நேற்றுதான், "நாளைக்கு" என்றால் தீபாவளியும் நாளைதான். தவறு என்று சொல்லித் திருத்த வேண்டாம். ராத்திரி படுக்கும்போது மூன்று கேள்வி: இன்னைக்கு என்ன சாப்பிட்டோம், நேத்து என்ன சாப்பிட்டோம், நாளைக்கு என்ன செய்யலாம். இட்லிக்கு மாவு ஆட்டி வைத்திருக்கும் ராத்திரி, "நாளைக்கு" என்ற சொல்லுக்குக் கண்ணால் பார்க்கிற பொருள் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது கிழமை. ஏழையும் ஒன்றாகக் கொடுத்தால் ஏழும் ஒரே மாதிரி ஒலிக்கும். இரண்டை மட்டும் எடுங்கள், இரண்டுக்கும் ஒரு வேலை இருக்கட்டும். உங்கள் ஊர்ச் சந்தை நாள் ஒன்று, வீட்டில் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றும் நாள் ஒன்று. அவை இரண்டும் அசையாமல் நின்ற பிறகு, "சந்தைக்கு மறுநாள்", "எண்ணெய்க் குளியலுக்கு முதல் நாள்" என்று மற்றவை தாமாக இடையில் வந்து உட்காரும்.

அட்டை செய்வதானால் எட்டு சென்டிமீட்டர் நீளம், ஐந்து அகலம், ஏழு அட்டை. கிரகத்துக்கு உரிய நிறத்தையே அடியுங்கள். செவ்வாய்க்குச் சிவப்பு, புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு மஞ்சள். இன்றைய அட்டையில் ஒரு துணிக் கிளிப். கிளிப்பை நகர்த்துவது பிள்ளையின் வேலை, பெரியவர்கள் தொடக்கூடாது.

ஜூன் 9, இரவு

தினசரிக் காலண்டர் பற்றி எழுத விட்டுப்போனது.

அதைவிட நல்ல சாமான் கடையில் கிடையாது. ஆனால் தாளை யார் கிழிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் கெடும். பெரியவர் ஒருவர் விடியற்காலையில் கிழித்துவிடுவார், பிள்ளைக்கு நாள் மாறியதே தெரியாது. சில வீடுகளில் மூன்று நாள் கிழிக்காமல் தொங்கும், பிள்ளை வியாழக்கிழமையைத் திங்கள் என்று படித்துக்கொண்டு போகும். பல் துலக்கியதும் பிள்ளைதான் கிழிக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரே தாள். ஊருக்குப் போய்விட்டு வந்தால் விட்டுப்போன தாள்களை மொத்தமாக இழுக்காமல் ஒவ்வொன்றாக, பெயர் சொல்லிக் கிழிக்க வேண்டும். கிழித்த தாளைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு பனையோலைக் கொட்டானில் சேருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு தாளையும் தரையில் பரப்பி வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். போன வாரம் முழுவதும் அவள் கண்முன்னால் கிடக்கும்.

தாளின் அடிப்பாதியை மடக்கி கிளிப் போட்டுவிடுங்கள். ராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம் என்று அங்கே எண்கள் குவிந்து கிடக்கின்றன. பிள்ளைக்கு வேண்டியது பெரிய எண்ணும் கிழமையின் பெயரும் மட்டும்.

ஜூன் 14, சனி

இரண்டு திருத்தம்.

நிறத்தை அவசரத்தில் எழுதிவிட்டேன். கிரக நிறப்படி போனால் ஞாயிறும் சிவப்பு, செவ்வாயும் சிவப்பு. திங்களும் வெள்ளை, வெள்ளியும் வெள்ளை. பிள்ளை நிறத்தைப் பார்த்துத்தான் முதலில் அட்டையைக் கண்டுபிடிக்கும், இரண்டு சிவப்பு இருந்தால் அங்கேயே தடுமாறும். ஞாயிற்றை ஆரஞ்சாக்குங்கள், திங்களுக்கு வான நீலம், சனிக்குக் கறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் தம் நிறத்திலேயே இருக்கட்டும், பெயரே நிறத்தைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, தேவகோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார்: "அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு சந்தையைவிடச் சாப்பாடு நல்ல அடையாளம்." முழுக்கச் சரி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டு 25 முதல் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதில் கிழமைக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பிடித்த சாப்பாடு வரும் நாளைப் பிள்ளை மறக்காது. ஆனால் மதியச் சத்துணவை இதற்கு எடுக்காதீர்கள். அங்கே முதல், மூன்றாம் வாரத்துக்கு ஒரு பட்டியல், இரண்டாம், நான்காம் வாரத்துக்கு வேறு. ஒரே திங்கட்கிழமைக்கு இரண்டு சாப்பாடு வந்தால் பிள்ளை பட்டியலை நம்பாது, கிழமையையும் நம்பாது.

இன்னொன்று. வீட்டில் "ஞாயித்துக்கெழம", "வியாளக்கெழம". அட்டையில் "ஞாயிறு", "வியாழன்". இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. அட்டையின் முன்பக்கம் "ஞாயிறு", பின்பக்கம் "ஞாயிற்றுக்கிழமை" என்று எழுதி, வாயால் பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள். வியாழனும் வெள்ளியும் இரண்டும் "வ"வில் தொடங்குவதால் எழுத்துக்கூட்டும் பிள்ளைகள் மாற்றிப் படிப்பார்கள், அந்த இரண்டை மட்டும் தனியாக எடுத்து விளையாட்டாகப் பழக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு (ஆனி 1)

மாதம். ஆச்சி கேட்ட கேள்விக்கு இன்றுதான் நல்ல நாள், ஆனி பிறந்திருக்கிறது.

என் கருத்து: வாரம் முழுக்கக் கைக்கு வராமல் மாதத்தைத் தொடக்கூடாது. வாரம் இரண்டு கணக்குக்கும் பொது. தமிழ் மாதமானாலும் ஆங்கில மாதமானாலும் திங்களுக்குப் பின் செவ்வாய்தான். மாதத்தில் முதலில் ஆங்கிலம். பள்ளிக்கூடத் தேதி, பிறந்த நாள், லீவு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. தமிழ் மாதம் இரண்டாம் வகுப்பில் வந்தால் போதும்.

ஜூன் 15, மாலை

காலையில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

ஆங்கில மாதம் முதலில் என்றது தேதிக்குச் சரி. மாதத்தின் பெயருக்குச் சரியில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு "அக்டோபர்" என்றால் மனதில் ஒன்றும் தோன்றாது. ஐப்பசி என்றால் தீபாவளி. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, இந்த ஆண்டு அக்டோபர் 20. ஆங்கிலத்தில் மாதம்கூட மாறுகிறது. மூன்று வருடமும் ஐப்பசி மட்டும் மாறவில்லை. தையில் கரும்பு, ஆடியில் கூழ், கார்த்திகையில் விளக்கு, மார்கழியில் கோலத்து நடுவில் பூசணிப்பூ. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி-பங்குனித் திருவிழா என்று சொல்கிறோம், அடுத்தடுத்த இரண்டு மாதம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பெயர்களைத் தமிழில் தொடங்குவோம், தேதிகளை ஆங்கிலத்தில். இரண்டும் ஒரே சமயத்தில் வரலாம், ஒரே அட்டையில் வரக்கூடாது.

செய்யும் முறை: 120 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு காகிதப் பட்டை. மேல்பட்டையில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர். கீழ்ப்பட்டையில் தமிழ் மாதம். தமிழ் மாதங்கள் ஆங்கில மாதத்தின் நடுவாக்கில் பிறப்பதால் எல்லாக் கட்டமும் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வரும். அதற்கு மார்கழி அட்டையை மட்டும் இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பாதி இடது ஓரத்தில், மறு பாதி வலது ஓரத்தில். நடுவில் தை முதல் கார்த்திகை வரை பதினொன்று. "மார்கழியை ஏன் வெட்டுனீக?" என்று பிள்ளை கேட்கும். பட்டையைச் சுவரிலிருந்து எடுத்து வளையமாக வளைத்து இரண்டு ஓரத்தையும் ஒட்டிக் காட்டுங்கள். மார்கழி ஒன்றாகிவிடும். டிசம்பருக்குப் பின் ஜனவரி என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சித்திரையை முதல் கட்டமாக வைக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வளையமாக ஒட்டிய பிறகு எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். சித்திரை 1-இல் ஒரு பூ வரைந்துவிடுங்கள், வருடம் பிறக்கும் இடம் அதுதான் என்று தெரிந்தால் போதும்.

ஜூலை 3, வியாழன் (ஆனி 19)

"எட்டு நாள்" பற்றி யாரும் எழுதவில்லை. பிள்ளைகளை இதைப்போலக் குழப்புவது வேறு எதுவும் இல்லை.

வீட்டில் "இன்னைக்கு எட்டாம் நாள் வர்றேன்" என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுகிற கணக்கு அது: வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு, அடுத்த வியாழன் எட்டு. பள்ளிக்கூடத்தில் "வாரத்துக்கு ஏழு நாள்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ" என்று வீட்டில் சொல்வதும் பதினான்கு நாள்தான், இரண்டு வாரம். இரண்டு கணக்கும் சரியானவை. பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு கணக்கு என்று தெரியாததுதான் சிக்கல். "மூணு நாள் கழிச்சு என்ன கெழம?" என்ற கேள்விக்கு ஒரு நாள் குறைத்துச் சொல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் இன்றைய நாளை ஒன்று என்று எண்ணியிருப்பார்கள். கணக்கு வரவில்லை என்று எழுதிவிடாமல், விரலை எங்கே வைத்து "ஒண்ணு" என்கிறார்கள் என்று பாருங்கள்.

பழக்க ஒரு வழி: தரையில் ஏழு அட்டை, கையில் ஒரு புளியங்கொட்டை. கொட்டையை இன்றைய அட்டையில் வைக்கும்போது எதுவும் சொல்லக்கூடாது. அங்கிருந்து தூக்கி அடுத்த அட்டையில் வைக்கும்போதுதான் "ஒண்ணு". எண்ணுவது தாவலைத்தான் என்று கைக்குத் தெரிந்துவிடும். இது நின்ற பிறகு, ஒரு மாதம் கழித்து, "எட்டாம் நாள்" கணக்கைக் காட்டலாம்: அதில் இன்றைய அட்டையில் வைக்கும்போதே "ஒண்ணு". ஒரே நாளில் இரண்டையும் காட்டாதீர்கள்.

நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு இருக்கிறதே, திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள், நாளுக்கு ஒரு நூல் இழை. அந்த இருபத்தொரு இழை சேர்த்து எண்ணுகிற கணக்கைக் காட்ட மிகப் பொருத்தம். முதல் இழை வியாழனில் எடுத்தால் இருபத்தொன்றாவது இழை புதனில் விழும், வியாழனில் விழாது. இழையை ஏழு ஏழாகப் பிரித்து வைத்தால் மூன்று கட்டு, மூன்று வாரம். நோன்பு நூலில் விளையாட வேண்டாம், வேறு வெள்ளை நூலில் நாளுக்கு ஒன்றாகப் பிள்ளை தனியே சேர்த்து வரட்டும்.

ஜூலை 17, வியாழன் (ஆடி 1)

ஆடி பிறந்துவிட்டது. இந்த ஆடியில் எத்தனை வெள்ளி என்று பிள்ளைகளையே எண்ணவிடுங்கள். ஜூலை 18, 25, ஆகஸ்டு 1, 8, 15. ஐந்து. ஆகஸ்டு 16-உடன் ஆடி முடிகிறது. ஜூலைத் தாளிலிருந்து ஆகஸ்டுத் தாளுக்குத் தாவ வேண்டியிருப்பதுதான் இதில் உள்ள பயிற்சி. ஆடிப் பதினெட்டு எந்த ஆங்கிலத் தேதி என்பது ஏழு, எட்டு வயதுக்கு: ஆகஸ்டு 3, ஞாயிறு.

ஆனிக்கு இந்த முறை 32 நாள். ஜூன் 15 முதல் ஜூலை 16 வரை எண்ணிப் பாருங்கள். "32 தேதி எப்படி வரும்?" என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். சூரியன் ஒரு ராசியைக் கடக்கிற காலம்தான் தமிழ் மாதம். ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதால் மெதுவாக நகர்கிறது, ஆனி நீள்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது வேகம் கூடுகிறது. அதனால்தான் கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் 29, 30-இல் முடிகின்றன. சின்னப் பிள்ளைக்கு "ஆனியில சூரியன் மெதுவா நடக்குது" என்றால் போதும்.

ஆங்கில மாதத்துக்கு விரல் முட்டி. இடது கையை மடக்கி, ஆள்காட்டி விரல் முட்டியில் ஜனவரி, பள்ளத்தில் பிப்ரவரி, நடுவிரல் முட்டியில் மார்ச். முட்டியெல்லாம் 31. சுண்டுவிரல் முட்டியில் ஜூலை வந்ததும்தான் எல்லாரும் வழுக்குவது: பிள்ளை அப்படியே திரும்பிப் பள்ளத்தில் ஆகஸ்டை வைத்துவிடும், அதிலிருந்து டிசம்பர் வரை எல்லாம் தப்பு. ஜூலை முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, மறுபடியும் ஆள்காட்டி விரல் முட்டியிலேயே ஆகஸ்டைத் தொடங்க வேண்டும். பன்னிரண்டு பெயரும் தடையில்லாமல் வராத பிள்ளைக்கு இதைக் காட்டாதீர்கள். பெயரைத் தேடுவதிலேயே விரல் நின்றுவிடும்.

ஆகஸ்டு 1, வெள்ளி (ஆடி 16)

மாதக் காலண்டரை இன்று திருப்பியிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையைப் பாருங்கள். கிழமைகள் இடப்பக்கம் மேலிருந்து கீழாக இருக்கும் காலண்டர்களில் இப்படி அச்சாகியிருக்கும்: 31, 3, 10, 17, 24. முதல் கட்டத்தில் 31! இந்த மாதம் வெள்ளியில் பிறந்ததால் 31 ஆறாவது வாரத்தில் விழுகிறது, தாளில் ஐந்து வாரத்துக்குத்தான் இடம். காலியாக இருந்த முதல் கட்டத்தில் அதைப் போட்டுவிடுகிறார்கள். நமக்குப் பழக்கம், கண் தானாகத் தாண்டிவிடும். பிள்ளை 31, பிறகு 3 என்று படிக்கும், அல்லது மாதம் 31-இல் தொடங்குகிறது என்று நினைக்கும். கிழமைகள் மேலே படுக்கையாக இருக்கும் காலண்டர்களில் 24-ம் 31-ம் ஒரே கட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

சரிசெய்ய ஐந்து நிமிடம். 31-இன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். அதே அளவில் ஒரு கட்டம் வெட்டி 31 எழுதி, 24-க்கு அடுத்து காலண்டருக்கு வெளியே வால் மாதிரி ஒட்டிவிடுங்கள்.

காலிக் கட்டம் இன்னொரு தொல்லை. ஜூன் ஞாயிற்றில் தொடங்கியதால் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஜூலை செவ்வாயில் தொடங்கியது, காலிக் கட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக் கட்டத்திலேயே 1 எழுதிவிடுவார்கள். "ஜூன் 30 எந்தக் கிழமை முடிஞ்சது?" "திங்க." "அப்ப ஜூலை ஒண்ணு?" பழைய மாதத் தாள்களைத் தூக்கிப் போடாமல் அடுத்ததோடு ஒட்டி வைத்தால் இந்தக் கேள்விக்குப் பிள்ளையே பதிலைப் பார்த்துக்கொள்ளும்.

ஆகஸ்டு 2, சனி

பள்ளத்தூரிலிருந்து ஒருவர், ராகுகாலத்துக்குச் சொல்லும் "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" வாக்கியத்தைப் பிள்ளைக்குக் கிழமை சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார். வேண்டாம். அது நேர வரிசை: திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்கள் காலை 7.30-இல் தொடங்கி ஒன்றரை மணி ஒன்றரை மணியாக ஞாயிறு மாலை 4.30 வரை போகிறது. கிழமை வரிசை உறைக்காத பிள்ளை இதையும் மனப்பாடம் செய்தால் திங்களுக்குப் பின் சனி என்று சொல்லும். பத்து வயதுக்கு மேல், கடிகாரமும் தெரிந்த பிறகு, அருமையான பயிற்சி.

ஆகஸ்டு 24, ஞாயிறு (ஆவணி 8)

கோட்டையூர் ஆச்சி எழுதியிருக்கிறார்கள்: பேத்தி இப்போது நாளைக் கிழமை சொல்கிறாள், பின்னோக்கிச் செவ்வாய், திங்கள் என்று வர மட்டும் திணறுகிறாள். பின்னோக்கிச் சொல்வது வாயால் பழகாது, காலால் பழகும்.

வளவில் (வீட்டு உள்கட்டில்) ஆத்தங்குடிக் கல், அந்த ஊர்ப் பூப்போட்ட தரைக்கல், பாவியிருந்தால் அதுவே கட்டம். ஒரு கல் ஒரு நாள். குறுக்கே ஏழு, நீளத்தில் ஐந்து. சுண்ணாம்புக்கட்டியால் எழுதாதீர்கள், எண்ணெய் துடைத்து மினுக்கிய கல்லில் பிடிக்காது, பூ வேலைப்பாட்டில் எழுத்தும் தெரியாது. சின்னத் துண்டு அட்டையில் தேதி எழுதி, கல்லின் மேல்விளிம்பில் வைத்து, மேலே ஒரு புளியங்கொட்டை. காற்றுக்குப் பறக்காது. கால் வைக்க இடமும் இருக்கும்.

முதலில் ஒரே வரிசையில் முன்னால் நடந்து பெயர் சொல்ல வேண்டும். பிறகு திரும்பாமல், முகம் அதே பக்கம் பார்த்தபடி, பின்னால் ஓரடி வைத்து "புதனுக்கு முந்துன நாள் செவ்வா". திரும்பி நின்று நடந்தால் பயன் இல்லை, பிள்ளைக்கு அதுவும் முன்னால் போவதாகவே படும். ஒரு நாளைக்கு இரண்டு அடி பின்னால் போனால் போதும்.

சனிக்கிழமைக் கல் வந்ததும் பிள்ளை நேராகக் கீழே இறங்கி அடுத்த சனியில் நிற்கும். அடுத்த வரிசையின் தொடக்கத்துக்கு ஓட வேண்டும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சனிக் கல்லிலிருந்து அடுத்த ஞாயிற்றுக் கல்லுக்கு ஒரு நூலைப் போட்டு வையுங்கள். வாசிக்கும்போது வரி முடிந்தால் அடுத்த வரிக்குப் போகிற பழக்கம்தான் இதுவும். மேலிருந்து கீழே நேராக இறங்கினால் 1, 8, 15, 22, 29, எல்லாம் ஒரே கிழமை. அதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

வருகிற 2026 பிப்ரவரி ஞாயிற்றில் தொடங்கி சனியில் முடிகிறது, இருபத்தெட்டு நாளும் நாலு வரிசையில் அச்சாக அடங்கும். காலிக் கல் ஒன்றுகூட வராது. புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு அந்த மாதத்தைப் பாவிக்கலாம்.

அதற்கு முந்தின மாதத்தில் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல், தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாய். 2026-இல் தை 1, ஜனவரி 15, வியாழன். வியாழக் கல்லில் புளியங்கொட்டையை வைத்து வாயை மூடிக்கொண்டு, வெள்ளியில் ஒண்ணு, சனியில் ரெண்டு, நூலைப் பிடித்து ஞாயிற்றுக்கு மூணு, திங்களில் நாலு, செவ்வாயில் அஞ்சு. ஜனவரி 20, தை 6.